ஒளியின் விரைவும் திருவருளின் மறைப்பும்

திருச்சிற்றம்பலம்

நூற்பொருளை விளக்குதற்கு ஆசிரியர்கள் எடுத்தாளும் உவமைகள் கற்பார்க்குப் பெருந்துணையாவன. ஆயினும் பொருந்தாவிடத்து வைக்கப்பட்ட உவமை, விளக்கப் புகுந்த பொருளையே வேறாக்கிவிடும். விளக்கென்று எடுத்தது கொள்ளியாய் முடிதலும் உண்டு. யாம் பல்லாண்டுகளாக எடுத்தாண்டுவந்த உவமை ஒன்று அங்ஙனம் முடிந்தமையையும், அது பின்னர்த் தன்னிடம் பெற்று விளங்கியமையையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்கப் புகுகின்றோம். பிறருக்கும் இது பயன்படுமென்பது எம் துணிபு.

கடமலைக்குண்டில் சித்தாந்த நூல் பயிலும் அன்பர் சிலர் திங்கள்தோறும் ஒருநாள் கூடுவர். சென்ற ஐப்பசியிற் கூடிய கூட்டத்தில் உயிரின் இயல்பைப் பற்றிப் பேசும் முறை வந்தது. யாம் வழக்கம்போல, “உயிரின் அறிவு ஒளி போல்வது, மலம் கண்ணாடி போல்வது. வெளியிலே மிக விரைந்து செல்லும் ஒளி, கண்ணாடியிற் புக்கவுடன் மந்தமாகின்றது. கண்ணாடியைக் கடந்தவுடன் பழைய விரைவை எய்துகின்றது. மலத்துட்பட்ட உயிரும் மலம் நீங்கியவழி அங்ஙனமே விளங்கும்” என்றோம். கேட்டோர் தலையசைத்தனர்.

அவையில் பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் எழுந்து, “ஐயா, தாங்கள் கூறியது உண்மையே. கண்ணாடியினின்று வெளிப்படும் ஒளியை ஒருவரும் தள்ளிவிடுவதில்லை; வெளிப்பட்ட அக்கணமே அது தானாகவே முழுவிரைவில் செல்கின்றது. உயிரும் அத்தன்மைத்தாயின், மலம் நீங்கிய அளவில் தானே விளங்கிவிடுமன்றோ? பின்னர்த் திருவருள் எதற்கு?” என்று பணிவோடு வினாவினார்.

யாம் விடை கூறமாட்டாது இருந்தோம். அப்பொழுது, அவையின் ஒருபுறத்தே எப்பொழுதும் அமைதியாக இருந்து கேட்கும் முதிய அம்மையார் ஒருவர், “அப்படியானால் ஐயா, எனக்கு அருள் வருவதற்கு ஏன் இத்தனை தாமதம்?” என்றார். அவர் தம் ஒரே மகனை முந்திய ஆண்டிலே இழந்தவர். ஆசிரியர் வினா எம் வாதத்தைத் தடுத்தது. அம்மையார் வினா எம் நெஞ்சைத் தைத்தது. அடுத்த கூட்டத்தில் விடை கூறுவோம் என்று சொல்லி எழுந்தோம்.

மறுநாள் அவ்வாசிரியரையே நாடிச் சென்றோம். மழைக்காலமாதலின் மூலவைகையில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நின்று அவர் ஒரு கோலை நீருட் சாய்த்து நாட்டினார். நேரான கோல் நீர்மட்டத்தில் முறிந்ததுபோலத் தோன்றிற்று. அடியிற் கிடந்த கூழாங்கற்கள் உள்ள ஆழத்தினும் மேலெழுந்து காணப்பட்டன. “ஒளி நீரிலும் காற்றிலும் வெவ்வேறு விரைவுடையதாதலின் விளையும் தோற்றம் இது” என்று தொடங்கி, அவர் உரைத்தவற்றையும் பின்னர் யாம் நூல்களிற் கண்டவற்றையும் சுருங்கக் கூறுதும்.

ஒன்றுமில்லாத வெளியில் ஒளி ஒரு நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் செல்லும். 1983ஆம் ஆண்டு முதல் மீட்டர் என்னும் அளவையே இவ்விரைவைக் கொண்டு வரையறுக்கின்றனர். காற்றில் இவ்விரைவு நொடிக்கு 90 கிலோமீட்டர் அளவிற்கே குறையும். நீரில் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டராகவும், பொதுவான கண்ணாடியில் ஏறத்தாழ 2,00,000 ஆகவும், வைரத்தில் ஏறத்தாழ 1,24,000 ஆகவும் குறையும். நீரில் ஒளி மந்தமாகும் என்பது எளிதில் துணியப்பட்டதன்று. ஒளி நுண்டுகள்களால் ஆயது என்று கொண்ட நியூட்டன் கொள்கைப்படி, நீர் அத்துகள்களை ஈர்த்தலின் ஒளி நீரில் மிக்க விரைவுடன் செல்லல் வேண்டும். அலை என்று கொண்ட ஹைகன்ஸ் கொள்கைப்படி மந்தமாதல் வேண்டும். 1850இல் பாரிசு நகரில் ஃபூக்கோ என்பார் சுழலும் ஆடி ஒன்றைக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டு, நீரிலே ஒளி மந்தமாகவே செல்லும் என்று காட்டினார். நெடுங்காலம் அறிஞர் பலர் உடன்பட்டிருந்த கொள்கை ஒன்று இவ்விடத்தில் இடிந்தது.

இனி, ஒளி மந்தமாதல் யாங்ஙனம்? ஒளியானது மின்காந்த அலை. கண்ணாடியின் அணுக்களில் எலக்ட்ரான் எனப்படும் மின்துகள்கள் உள. புக்க அலை அவற்றை அசைக்கின்றது. அசைந்த ஒவ்வொன்றும் தானும் ஒரு சிற்றலையை எழுப்புகின்றது. புக்க அலையும், எழுந்த சிற்றலைகளும் வெற்றிடத்திற்குரிய அம்முழுவிரைவிலேயே செல்வன, எதுவும் மந்தமானதன்று. ஆயின் சிற்றலைகள் சற்றே பின்னிட்டு எழுதலின், எல்லாம் ஒருங்குகூடிய அலையின் முகடு பின்னிட்டுச் செல்வதாக அமைகின்றது. அக்கூட்டலையையே நாம் கண்ணாடியுட் செல்லும் ஒளி என்கின்றோம். மந்தமென அளக்கப்படுவதும் அதுவே. ஒளி அணுவுக்கு அணு தங்கித் தங்கிச் செல்லுதலால் தாமதம் உண்டாகின்றது என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? அங்ஙனம் தங்கி விடுபடுமாயின் ஒளி எத்திசையினும் சிதறும். சாளரக் கண்ணாடியூடே அப்பாலுள்ள மரம் மரமாகத் தோன்றாது.

கண்ணாடியைக் கடந்தபின் அசைப்பதற்குத் துகள்கள் இல்லை. பின்னிட்ட சிற்றலைகளும் புதியனவாக எழுவதில்லை. ஆகவே அலை தன் இயல்பான விரைவிற் காணப்படுகின்றது. இழந்த விரைவை அது மீளப்பெற்றதன்று. இழந்தது ஒன்றிருந்தாலன்றோ பெறவேண்டுவது!

ஆடியிற் பட்டு மீளும் ஒளிக்கும் இதுவே முறை. சுவரில் எறிந்த பந்து, பட்டவிடத்தே ஒருகணம் நின்று, பின் தன் நெகிழ்ச்சியால் விரைவு பெற்று மீளும். ஒளியும் அவ்வாறு நின்று மீளுமென்றே யாம் எண்ணியிருந்தோம். அற்றன்று. ஆடியின் பின்புறத்து வெள்ளிப்பூச்சில் கட்டின்றியுள்ள எலக்ட்ரான்கள் வந்த அலையால் அசைந்து தாமும் அலையெழுப்புகின்றன. அவ்வலை உட்புறத்தே வந்த அலையை அழித்தும், வெளிப்புறத்தே மீளும் ஒளியாய்த் தோன்றியும் நிற்கின்றது. அது தோன்றும்பொழுதே முழுவிரைவோடு தோன்றுவது. நின்றதும் இல்லை, மெல்ல விரைவு பெற்றதும் இல்லை.

விரைவு இவ்வாறு சார்பினால் வேறுபட்டுக் காணப்படினும் வேறுபடாதது ஒன்று உளது. அஃது அலையின் அதிர்வெண். ஒரு நொடியில் அலை எத்தனைமுறை அதிர்கின்றது என்னும் எண். நீரிற் புக்கினும், கண்ணாடியிற் புக்கினும், அசையாத ஆடியிற் பட்டு மீளினும் இவ்வெண் மாறுவதில்லை. இதற்குச் சான்று எம் நாட்டகத்தேயே உளது. எம்மூருக்கு வடக்கே, பெரியகுளத்துக்கு அப்பால் எழும் பழனிமலைத் தொடரின்மேல், கோடைக்கானலில் 1899இல் நிறுவப்பெற்ற ஞாயிற்று ஆய்வுக்கூடம் உளது. அங்குள்ள கருவிகளுள் ஒன்றில், கோபுரத்தின்மேல் அமைந்த ஆடிகள் ஞாயிற்றின் ஒளியை ஏற்று, ஏறத்தாழ 60 மீட்டர் நீண்ட நிலத்தடி வழியிற் செலுத்துகின்றன. வில்லை அதனைக் குவிக்கின்றது. பின்னர் அது நிறமாலையாகப் பிரிக்கப்படுகின்றது.

அவ்வாய்வுக்கூடத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட் என்பார் ஞாயிற்றின் கரும்புள்ளிகளை ஆராய்ந்தபொழுது, புள்ளியின் புறவளையத்தில் நிறமாலைக் கோடுகள் தம்மிடத்தினின்று சிறிது விலகியிருத்தலைக் கண்டார். அங்குள்ள வாயு புள்ளியின் நடுவினின்று புறநோக்கி நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் விரைவில் ஓடுகின்றது என்று அதனால் துணிந்தார். ஒளியின் விரைவோடு ஒப்பிடின் இது ஒன்றரை இலட்சத்தில் ஒரு பங்கு. அதிர்வெண்ணில் நேர்ந்த மாற்றமும் அவ்வளவே. ஞாயிற்றினின்று 8 நிமிடத்துக்கு மேல் வெளியிலே வந்து, காற்றிற் புக்கு, ஆடியிற் பட்டு, கண்ணாடியூடே மந்தமாகக் கடந்தும், அவ்வொளி தான் கொணர்ந்த அத்துணை நுண்ணிய செய்தியைக் கெடாமற் கொண்டுவந்து சேர்த்தது. ஆடியும் கண்ணாடியும் அதிர்வெண்ணைத் தம் விருப்பப்படி திரிப்பனவாயின் எவர்ஷெட் கண்டது ஞாயிற்றின் நிகழ்ச்சியோ கருவியின் குற்றமோ என்று ஒருவராலும் கூறவியலாது.

இவற்றையெல்லாம் உளத்துட்கொண்டு எம் உவமைக்கு மீண்டோம். ஆசிரியர் வினாவிய வினா வன்மையுடைத்தென்பது மட்டுமன்று, எம் உவமை எதிர்ப்பக்கத்தாருக்கே உரியது என்பதும் புலனாயிற்று. அதற்குக் காரணம் மூன்று.

ஒன்று: கண்ணாடியுள் ஒளி உண்மையிற் குறைவெய்தவில்லை; குறைவு கூட்டத்தினால் வந்த தோற்றமே. உயிரை ஒளியெனக் கொள்ளின் உயிர்க்குக் கட்டென்பதும் தோற்றமாத்திரையாய் முடியும். அது மாயாவாதியின் கொள்கை. சித்தாந்தத்தில் ஆணவம் உள்பொருள். அதனால் உயிரின் அறிவு மறைதலும் உண்மையே.

இரண்டு: ஒளி வெளியிலிருந்து வந்து ஒரு காலத்திற் கண்ணாடியிற் புகுவது. ஆணவம் உயிரோடு அநாதியே உடனாயுள்ளது. ஆதலினன்றோ ஆசிரியர்கள் செம்பிற் களிம்பையும் நெல்லின் உமியையும் உவமை கூறினர். தூய உயிர் ஒரு காலத்தில் மலத்துட் புகுந்தது எனின், புகுத்தியவர் யார், எக்குற்றம் பற்றி என்னும் வினாக்கள் எழும், அவற்றுக்கு விடையில்லை.

மூன்று: வெளிப்போந்த ஒளி தானே முழுவிரைவிற் செல்லும். உயிரும் மலம் நீங்கியவழித் தானே விளங்குமெனின், அது சிவசமவாதத்திற்கு வழிகோலுவதாகும். இத்தகைய அகச்சமயக் கொள்கைகளை உமாபதி சிவாசாரியார் சகம் 1235இல், அஃதாவது கி.பி. 1313இல், சங்கற்ப நிராகரணத்தில் எடுத்து மறுத்தருளினார். உயிர் கண்ணைப் போல்வது. படலம் உரித்த கண்ணும் ஞாயிற்றினொளி இன்றிக் காணமாட்டாது. முத்தியினும் உயிர் திருவருளால் விளங்குவதேயன்றித் தானே விளங்குவதன்று.

ஆகவே, ஒளியை உயிர்க்கு உவமையாக்கியது எம் பிழை. அஃதேல் அவ்வுவமை முற்றும் விடற்பாலதோ எனின், அன்று. வைத்த இடந்தான் பிழையே தவிர உவமை பிழையன்று. ஒளியைத் திருவருட்கும், கண்ணாடியை மலத்தோடு கூடிய உயிர்க்கும் வைத்து நோக்குக.

சிவசத்தி ஒன்றே. அது மலத்தின் ஆற்றலை நடத்தி, அது பயன்கொடுத்து முதிரும்படி உடன்நிற்குங்கால் திரோதான சத்தி எனப் பெயர்பெறும். மலம் முதிர்ந்தவழி அதுவே அருட்சத்தியாய் விளங்கும். மலத்தின்வழி நின்று செயற்படுதல் பற்றித் திரோதாயியை மலங்கள் ஐந்தனுள் ஒன்றாக எண்ணுவர். அவ்வெண்ணுதல் உபசாரமேயன்றி உண்மையன்று. மாணாக்கர் பலர்க்கு இவ்விடம் இடர்ப்பாடு தருவது. ‘அருளே மலமாதல் எங்ஙனம்? மறைப்பது எங்ஙனம் அருளாகும்?’ என்பர். இவர்க்கு மேலைக் கண்ணாடியைக் காட்டலாம். புக்க ஒளியே கண்ணாடியின் துகள்களை அசைக்கின்றது. அவ்வசைவினால் எழுந்தவை அவ்வொளியோடு கூடி மந்தமான ஒரு நடையாய்த் தோன்றுகின்றன. அந்நடையை ஒளியின் நடை என்று கூறுதல் உபசாரம். அதுபோல, திருவருள் மலத்தின் ஆற்றலை நடத்த, அதனால் எழுந்த விருப்பும் வெறுப்பும் இன்பமும் துன்பமும் அருளின் செயலோடு பிரிப்பின்றிக் கூடி, மந்தமும் வளைவும் உடைய ஒரு வாழ்க்கையாய்த் தோன்றுகின்றன. அதனைக் கண்டு அருள் மறைந்தது, அருள் தாழ்த்தது என்கின்றோம். அருள் தன்னளவில் மறைந்ததும் இன்று, தாழ்த்ததும் இன்று.

இனி, பொருளின் இலக்கணத்தைச் சொரூபம் என்றும் தடத்தம் என்றும் நம் ஆசிரியர்கள் பகுத்துரைப்பர். பிறிதொன்றன் சார்பின்றித் தனக்கே உரியது சொரூபம். பிறவற்றின் சார்புபற்றிக் கூறப்படுவது தடத்தம். நீரில் இத்துணை, வைரத்தில் இத்துணை என்று சொல்லப்படும் விரைவு ஒளிக்குத் தடத்தத்தின் இடத்தது. எதனுட் புக்கினும் மாறாத அதிர்வெண் சொரூபத்தின் இடத்தது. தடத்தத்தையே சொரூபமாக எண்ணுவார் ஒளி மெலிந்தது என்பர். அருள் தம்மளவில் மெலிந்தது என்பாரும் அவரை ஒப்பர்.

ஆடியின்கண்ணும் ஒன்று காணற்பாலது. ஒரே ஒளி சுண்ணச் சுவரிலும் படுகின்றது, ஆடியிலும் படுகின்றது, இரண்டினின்றும் மீள்கின்றது, மீளும் விரைவும் ஒன்றே. சுவரிலே முகம் தோன்றாமை ஒளி தாழ்த்தமையாலன்று. சுவரின் மேடுபள்ளங்கள் அதனைப் பலதிசையிற் சிதறச்செய்தலால். எங்கும் நிறைந்த சத்தி ஓருயிரிடத்து வீழ்தல் எங்ஙனம் என்று சத்திநிபாதத்தைப் பற்றி ஐயுறுவார்க்கும் இது விடையாகும். வீழ்தல் என்பது புதிதாக வருதலன்று. முன்னரே பட்டுக்கொண்டிருந்தது பக்குவத்தால் விளங்குதலேயாம்.

இவ்வுவமையும் ஒருபுடை ஒப்புமையே என்பதை மறத்தலாகாது. ஒளி சடம், திருவருள் சித்து. ஒளி யார்பொருட்டும் செல்வதன்று. அருள் உயிரின்பொருட்டே மறைத்தலையும் செய்கின்றது. ஒளி கண்ணாடியைப் பக்குவப்படுத்தித் தூய்மை செய்யமாட்டாது. அருள் மலத்தை முதிர்வித்து நீக்கும். அன்றியும், அதிர்வெண் எவ்விடத்தும் மாறாதது என்பதற்கும் புறனடை உண்டு. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி.வி. இராமன் 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கல்கத்தாவிற் கண்டு, 1930இல் நோபல் பரிசு பெற்றதற்குக் காரணமான உண்மை அதுவே: பொருளிற் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறியதொரு பகுதி, மூலக்கூறுகளோடு ஆற்றலைக் கொண்டும் கொடுத்தும் தன் அதிர்வெண் மாறுகின்றது. அருளுக்கு அத்தகைய விகாரம் ஒருசிறிதும் இல்லை. உவமை எல்லைவரை சென்று அங்கே நிற்றல் வேண்டும்.

இது பற்றியே, அன்பர்க்கு ஒன்று கூற விழைகின்றோம். இக்கால அறிவியல் கூறுவனவெல்லாம் நம் முன்னோர் முன்பே கண்டவை என்று மேடைகளில் முழங்குவது இன்று பெருவழக்காயிற்று. எலக்ட்ரானையும் அதிர்வெண்ணையும் மெய்கண்டார் கூறினார் என்பது அவர்க்குப் பெருமை சேர்ப்பதாகாது. அவர் கூறவந்தது அதுவன்று. கூறியது அதனினும் வேறாய சீரிய பொருள். நியூட்டன் துகட்கொள்கையைத் தூணாக நிறுத்தி ஒருவர் 1849இல் சமயநூல் எழுதியிருப்பாராயின், மறுவாண்டு ஃபூக்கோவின் சுழலாடி அத்தூணைச் சாய்த்திருக்கும். உவமை வாயிலில் நிற்கும் பணியாள். அதனைப் பிரமாணமாக்கி இருக்கையில் ஏற்றுதல் தகாது.

கார்த்திகையிற் கூடிய கூட்டத்தில் இவற்றையெல்லாம் எடுத்துரைத்து, முன் கூறியது பிழையென ஒப்புக்கொண்டோம். ஆசிரியர் மகிழ்ந்து, “ஐயா, அருளை ஒளியென்றால் என் வினா எழாது, இடம் மாறிற்று, வினாவும் தீர்ந்தது” என்றார்.

ஆயினும் எம் கருத்து அவ்வம்மையாரிடத்தே இருந்தது. மகனை இழந்தவரிடம், “மலம் நீங்கினால் நீவிரே விளங்குவீர்” என்னும் பொருள்பட யாம் பேசிவந்தது அறிவுப்பிழை மட்டுமன்று, அன்பின்மையுமாம். துன்பப்படுவாரைத் தம் துன்பத்தினின்று தாமே ஏறிவருக என்று கரையில் நின்று கூறுதலை அது ஒக்கும். “அம்மா, அருள் உமக்குத் தாழ்க்கவில்லை. உம் துயரத்துள்ளும் அது தன் விரைவு குன்றாமல் உடன்நிற்கின்றது. துயரம் கூடிநிற்றலால் நமக்கு அவ்வாறு தோன்றுகின்றது. அத்தோற்றத்தைக் குற்றமென்று உம்மேல் ஏற்றமாட்டோம்” என்றோம். அவர் ஒன்றும் கூறவில்லை. மேலாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மார்கழிக் கூட்டத்திற்கு எமக்கு முன்னரே வந்து விளக்கேற்றிவைத்திருந்தார்.

திரோதானத்தை மறைத்தல் எனப் பாடமோதுதல் எளிது. துயருற்றார் முன்னே நின்று அம்மறைப்பும் அருளே என்று கூறுதல் அரிது. அங்ஙனம் கூறுவார், தம் சொல் பொருளொடு பொருந்தியதோ என்று பன்முறை ஆராய்ந்து கூறுதல் கடனாம். ஈண்டுக் கூறியவற்றிற் பிழையுளதாயின், ஆதீனப் புலவர்களும் சித்தாந்த அறிஞர்களும் இவ்விதழ்வாயிலாக எடுத்துக்காட்டித் திருத்தியருளுமாறு வேண்டுகின்றோம்.

சிவம்.